பாத்ததும்பறையில் எத்தனை அடுப்பு?

போன வருசம் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கறித்தூள் வியாபாரம் தொடங்கினோம். பன்வில பக்கத்துத் தோட்டங்களில் பெண்கள் வறுத்து இடித்துத் தருவார்கள், நாங்கள் பக்கெட் போட்டு கண்டி டவுனில் விற்போம் என்பதுதான் திட்டம். முதல் போடுவதற்கு முன் ஒரு சர்வே செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், செய்தோம். கூகுள் ஃபோம் ஒன்று வட்ஸ்அப்பில் போனது. அதையே அச்சடித்துக்கொண்டு லயங்களுக்கும் போனோம். நாலாவது கேள்வி இப்படி இருந்தது: "இரசாயனம் சேராத, வீட்டுச் சுவையுள்ள கறித்தூள் நியாயமான விலையில் கிடைத்தால் வாங்குவீர்களா?"

இதற்கு இல்லை என்று யாராவது சொல்வார்களா? கிட்டத்தட்ட எல்லோரும் ஆம் என்றார்கள். அந்த நம்பிக்கையில் 250 கிராம் பக்கெட்டுகள் போட்டோம். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. நாலு மாதம் எங்கள் வீடுகளில் சோறு, ரொட்டி எல்லாவற்றுக்கும் அந்தத் தூள்தான்.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோது ஒரு காட்சி ஞாபகம் வந்தது. ஒரு லயத்தில் நாங்கள் வினாக்கொத்தை நீட்டியபோது தோட்டத்து மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். அந்த அக்கா எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "என்ன எழுதணும்னு சொல்லுங்க தம்பி, அதையே சொல்லிடறேன்" என்றார். நாங்களும் சிரித்தோம். எங்கள் முழு ஆய்வையும் அவர் ஒரே வரியில் விமர்சித்துவிட்டார் என்பது அப்போது புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த மலைகளில் இதற்கு முன் கேள்வித்தாளோடு ஏறியவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். எங்களுக்கு நடந்தது புதிதல்ல. இங்கே ஒரு பெரிய ஆய்வும், அதைப் பற்றி ஒரு பெரிய சண்டையும் நடந்திருக்கிறது.

அந்தச் சண்டைக்குப் போகுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கண்டிப் பக்கத்துக் கிராமத்தவரிடம் "உங்கள் வயலில் எவ்வளவு விளையும்?" என்று கேட்டால் அவர் ஏன் யோசித்துப் பதில் சொல்கிறார்? அந்தக் கேள்விக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1878 இல் வந்த தானிய வரிச் சட்டம் நெல்லுக்கான வரியைக் கட்டாயமான, நிலையான பணக் கொடுப்பனவாக மாற்றியது. வயலின் விளைச்சலை மதிப்பிட்டு ஒரு தொகை குறிப்பார்கள். மழை பொய்த்தாலும் அந்தத் தொகை மாறாது. கோப்பி வீழ்ந்து கையில் காசில்லாத 1880 களில் வலப்பனை, உடுகிந்தைப் பகுதிகளில் வரி கட்ட முடியாதவர்களின் வயல்கள் ஏலத்தில் போயின. 1892 இல்தான் அந்த வரியை ஒழிக்க முடிவெடுத்தார்கள். பதிவேட்டில் எழுதிய ஓர் எண் வயலையே கொண்டுபோகும் என்று ஒரு தலைமுறை கண்ணால் பார்த்தது. அந்தப் பேரப்பிள்ளைகளிடம்தான் 1950 களில் பல்கலைக்கழகம் வினாக்கொத்தோடு போனது.

இலங்கைப் பல்கலைக்கழகம் அப்போதுதான் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்திருந்தது. என். கே. சர்க்கார், ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா ஆகிய இருவரும் பாத்ததும்பறையை ஆய்வுக்கு எடுத்தார்கள். கண்டியிலிருந்து மடவளை, வத்தேகம என்று பஸ்ஸில் போகும் அந்தப் பக்கம்தான். பல கிராமங்களில் சுமார் 500 குடும்பங்களிடம் காணி எவ்வளவு, வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்டுப் பட்டியல் போட்டார்கள். அறிக்கை 1957 இல் வந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் 'சிதைந்துகொண்டிருக்கும் கிராமம்' என்று சொல்லலாம். காணி ஒரு சிலரிடம் குவிந்திருக்கிறது, பெருந்தொகைக் குடும்பங்களுக்கு வயலே இல்லை அல்லது பேருக்கு ஒரு துண்டுதான், கிராமம் தன் சொந்த நிலத்தில் நிற்க முடியாமல் இருக்கிறது. இதுதான் அது காட்டிய படம்.

ஒழுங்கான மாதிரி, ஒழுங்கான அட்டவணைகள். எங்கள் கூகுள் ஃபோமோடு ஒப்பிட்டால் வெட்கம்தான். ஆனாலும் அடுத்த வருசமே அதைப் பற்றி ஒருவர் நீண்ட விமர்சனம் எழுதினார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மானிடவியலாளர் எட்மண்ட் லீச். அவர் 1954 இல் அனுராதபுரப் பக்கம் புல் எளிய என்ற ஒரே ஒரு சின்னக் கிராமத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, எந்த வயல் யாருடையது, யார் யாருக்கு மச்சான் என்று பார்த்தவர்.

லீச்சின் வாதம் சரியாக அடுப்பில் போய் நின்றது. ஆய்வாளர்கள் 'குடும்பம்' என்று எதை எண்ணினார்கள்? ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களை. சரி, அது நல்ல வரைவிலக்கணம் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் சிங்களக் கிராமத்தில் மகன் கலியாணம் கட்டியதும் அதே வளவுக்குள் புது மனைவிக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பார்கள். அடுப்பு பிரிந்துவிடும், காணி பிரியாது. அது அப்பாவின் பெயரிலேயே இருக்கும். கணக்கெடுப்பவர் வந்து பார்க்கும்போது அப்பா 'காணியுள்ள குடும்பம்', மகன் 'காணியற்ற குடும்பம்'. உண்மையில் அந்த மகன் தகப்பனின் வயலில்தான் வேலை செய்கிறான், நாளைக்கு அது அவனுக்குத்தான் வரப்போகிறது. அட்டவணையில் பணக்காரன், ஏழை என்று தெரிவதில் ஒரு பகுதி அப்பா, மகன் என்பதுதான் என்றார் லீச்.

இதைப் படித்தபோது எங்களில் ஒருத்தி, "எங்க வீடும் இப்படித்தான்டி, அம்மாவுக்கு ஒரு அடுப்பு, அண்ணிக்கு ஒரு அடுப்பு, மல்லித்தூள் போத்தல் மட்டும் ஒண்ணு" என்றாள். அங்கேதான் எங்களுக்குச் சுரீர் என்றது. நாங்கள் லயக் காம்பராக்களை எண்ணி, அதை மாதத்துக்கு ஒரு பக்கெட்டால் பெருக்கியிருந்தோம்! சில காம்பராவில் இரண்டு அடுப்பு. சில இடங்களில் இரண்டு அடுப்புக்கும் சேர்த்து மாமியார்தான் சாமான் வாங்குகிறார்.

லீச் சொன்னது முழுவதும் சரியென்று நாங்கள் நினைக்கவில்லை. ஒரு கிராமத்தைத் துருவிப் பார்ப்பவருக்கு அந்தக் கிராமம் தெரியும், பக்கத்துக் கிராமத்தில் காணியை அடகு வைத்தவனைத் தெரியாது. எல்லாக் காணியற்றவனும் காத்திருக்கும் வாரிசு அல்ல. எதிர்பார்க்க அப்பாவிடமும் ஒன்றும் இல்லாதவர்கள் பாத்ததும்பறையில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அகலமாகப் பார்க்க சர்வே வேண்டும். ஆனால் வினாக்கொத்து எழுதுவதற்கு முன் யாராவது ஒருவர் ஒரு வளவில் சில நாட்களாவது இருந்து, இங்கே எது ஒரு 'வீடு' என்று பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். லீச்சிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.

தம்பையாவின் கதை அதோடு முடியவில்லை. 1956 ஜூன் மாதம், தனிச் சிங்களச் சட்டம் வந்த நேரம், அவர் தன் சிங்கள மாணவர்களோடு கல்லோயாக் குடியேற்றத்தில் இன்னொரு ஆய்வுக்காகப் போயிருந்தார். தமிழருக்கெதிரான கலவரம் அங்கே வெடித்தது. சிங்களக் குடியேற்றவாசிகளிடம் கேள்வி கேட்கப் போன தமிழ் விரிவுரையாளர் உயிரோடு வெளியே வர வேண்டியதாயிற்று. பிறகு அவர் 1960 இல் தாய்லாந்துக்குப் போனார், கடைசியில் ஹார்வர்ட் பேராசிரியரானார், 2014 இல் காலமானார். தன் ஆய்வுப் பாதை திரும்பியதற்கு அந்தக் கல்லோயா அனுபவத்தை அவரே காரணமாகச் சொல்லியிருக்கிறார். ஆய்வுமுறைப் புத்தகங்களில் 'நேர்காண்பவரின் தாக்கம்' என்று ஒரு பந்தி இருக்கும். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று எழுதியிருப்பார்கள். கேட்பவரின் உயிரே ஆபத்தில் போகலாம் என்று எந்தப் புத்தகத்திலும் நாங்கள் பார்க்கவில்லை.

பதில் சொல்பவரின் பக்கம் இன்னும் சிக்கல். 1901 குடிசனத் தொகைமதிப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். அடுத்த தொகைமதிப்பு 1911 இல், டென்ஹாமின் பொறுப்பில். அதில்தான் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று முதன்முதலாக இரண்டு பெட்டிகள் வந்தன. அப்போது அது ஒரு புள்ளிவிபர வசதி. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் நாடற்றவர்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். 'அப்பா எங்கே பிறந்தார்?' என்பது எங்கள் தாத்தாமாருக்குச் சாதாரணக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. பிறகு 1983 இல் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே வீடு வீடாகத் தேடி வந்தார்கள்.

இந்தப் பின்னணியோடு எண்களைப் பாருங்கள். 1981 இல் 'இந்தியத் தமிழர்' 8 லட்சத்து 18 ஆயிரம். 2012 இல் 8 லட்சத்து 39 ஆயிரம், மொத்தச் சனத்தொகையில் 4.1 சதவீதம். 2024 இல் பெட்டியின் பெயரில் 'மலையகத் தமிழர்' என்பதும் சேர்ந்தது, எண்ணோ சுமார் 6 லட்சத்துக்கு இறங்கியது, 2.8 சதவீதம். பிறப்பு, இறப்பு, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் சேர்த்தாலும் இந்த இறக்கத்தை விளக்க முடியாது என்பதே எங்கள் கருத்து. பலர் 'இலங்கைத் தமிழர்' என்று சொல்லியிருக்கிறார்கள். பொய் சொன்னார்கள் என்று அர்த்தமல்ல. நூறு வருசமாக அந்தக் கேள்வி தங்களுக்கு என்ன செய்தது என்று தெரிந்தே பதில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கூட்டத்திலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. எண்ணிக்கை குறைந்தால் பிரதிநிதித்துவம் குறையும் என்பவர்கள் ஒரு பக்கம், இன்னும் எத்தனை காலம் 'இந்திய' என்று எழுதுவது என்பவர்கள் மறுபக்கம். அது இன்னும் முடியாத வாக்குவாதம்.

வியாபாரம் செய்பவர்களுக்கு நேரடியாக உதைக்கும் இன்னொரு வரைவிலக்கணமும் இருக்கிறது. நாட்டின் வருமான, செலவு ஆய்வுகள் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாகப் பிரித்தே எண்களைத் தருகின்றன. 'தோட்டம்' என்றால் என்ன? 20 ஏக்கருக்குக் குறையாத, 10 தொழிலாளருக்குக் குறையாமல் வதியும் பெருந்தோட்டம். நுவரெலியாவுக்கு இது பொருந்தும். கண்டி மாவட்டத்தில், 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு எத்தனையோ தோட்டங்கள் துண்டு துண்டாகின. காணி போய்விட்டது, லயம் அப்படியே நிற்கிறது, சனமும் அங்கேயே இருக்கிறது. அவர்கள் கணக்கில் 'கிராமம்'. 'கிராமியக் குடும்பச் செலவு' என்ற எண்ணை எடுத்து எங்கள் சந்தையைக் கணித்தபோது, அது எங்கள் ஆட்களையும் பக்கத்துக் காணிக்காரரையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கிய எண் என்று நாங்கள் யோசிக்கவேயில்லை.

இரண்டாவது தடவை போகும்போது ஒரு வங்காளியிடம் கடன் வாங்கினோம். பி. சி. மகாலனோபிஸ், 1931 இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்தவர். 1937 இலிருந்து வங்காளத்தில் எத்தனை ஏக்கர் சணல் பயிரிட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை அவரிடம் வந்தது. சணல் பெரிய வியாபாரம், ஏக்கர் கணக்குத் தப்பினால் விலையும் தப்பும். எல்லா வயலையும் அளக்காமல் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்தார், செலவு பல மடங்கு குறைந்தது. எங்களுக்குப் பிடித்தது அவருடைய சந்தேகப் புத்தி. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகள், இரண்டு தனித்தனி அணிகள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு விடையும் கிட்ட வந்தால் நம்பலாம். விலகினால் வயலில் இல்லை, ஆளில் கோளாறு.

நாங்களும் இரண்டு அணியானோம். பெடியன்கள் ஒன்று, பெண்பிள்ளைகள் ஒன்று. அதே குடியிருப்பு, வேறு வேறு வீடுகள், வேறு நாள். விடைகள் பக்கத்தில்கூட வரவில்லை! பெடியன்கள் போனால் வீட்டு ஆண்கள் வெளியே வந்து பேசுகிறார்கள், அவர்களுக்குக் கறித்தூள் விலையே தெரியாது. பெண்பிள்ளைகளைக் குசினிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள்.

"வாங்குவீர்களா?" என்ற கேள்வியைத் தூக்கி எறிந்தோம். "கடைசியா எப்ப வாங்கினீங்க, எந்தக் கடை, எவ்வளவு? அந்தப் பக்கெட்டைக் காட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டோம். மேற்பார்வையாளர் வேலைக்களத்தில் இருக்கும் நேரம் பார்த்துப் போனோம். எத்தனை அடுப்பு, சாமான் வாங்குவது யார் என்று தனியாகக் குறித்தோம். சம்பளத்துக்குப் பிந்திய வாரம் ஒரு தடவை, மாதக் கடைசியில் ஒரு தடவை. மாதக் கடைசியில் ராக்கையில் இருந்தது எல்லாம் 50 கிராம் பக்கெட்டுகள், பாதிக்கு மேல் கடனுக்கு வாங்கியவை. 250 கிராம் பக்கெட் ஒரு வீட்டில் இருந்தது, அது நாங்கள் முன்பு இனாமாகக் கொடுத்தது.

ஒரு பாட்டி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "இதெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி யாருகிட்டப்பா குடுப்பீங்க?"

யாரிடமும் கொடுக்கமாட்டோம் என்றோம். அவர் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினார். பெயருக்கான இடத்தை அந்த இடத்திலேயே கிழித்து அவர் கையில் கொடுத்தோம். அதை மடித்து வெத்திலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்ப மருமக அடுப்பையும் எழுதிக்கோ, அவ நேத்துதான் தனியா வச்சா" என்றார்.