ஒரு கணினிக்குள் பல கணினிகள்: இலவச மெய்நிகராக்க மென்பொருள்களின் வரலாறு

ஒரே கணினியில், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்களை இயக்கும் முறை மெய்நிகராக்கம் எனப்படுகிறது. இதற்கான மென்பொருள், கணினியின் நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, இல்லாத ஒரு கணினியை இருப்பதுபோல் உருவாக்கித் தருகிறது. அந்த மெய்நிகர் கணினியின் வன்தட்டு உண்மையில் ஒரு கோப்புதான். உள்ளே நிறுவிய இயங்குதளம் பழுதானால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். வீட்டில் ஒரே கணினி உள்ள மாணவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை இதன் வரலாறு காட்டும்.

பெருங்கணினிக் காலம்

மெய்நிகராக்கம் வீட்டுக் கணினியைவிட மூத்தது. 1960-களில் கணினி என்றாலே ஓர் அறையை அடைத்து நிற்கும் பெருங்கணினிதான். விலை மிக அதிகம் என்பதால் ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் மையம் சிபி-40 என்னும் அமைப்பை உருவாக்கி, 1967-இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரே இயந்திரத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி கிடைத்ததுபோல் அது இயங்கியது. 1972-இல் ஐபிஎம் விஎம்/370 அமைப்பை வெளியிட்டது.

மேசைக் கணினிக்கு வருகை

பின்னர் பரவிய மேசைக் கணினிகளின் எக்ஸ்86 செயலிகள் இந்த வேலையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்படவில்லை. அந்தத் தடையை மென்பொருள் நுட்பத்தால் கடந்து, விஎம்வேர் நிறுவனம் 1999-இல் வொர்க்ஸ்டேஷன் என்னும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003-இல் ஃபப்ரீஸ் பெல்லார் எழுதிய க்யூஇஎம்யூ, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸென் ஆகியவை கட்டற்ற மென்பொருள்களாக வெளிவந்தன. 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏஎம்டியும் இதற்கான வசதியைச் செயலியிலேயே சேர்த்தன. அதைப் பயன்படுத்தும் கேவிஎம், 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கருவின் பகுதியானது.

இவற்றைக் கையாளக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். புதியவருக்கும் எளிதாக அமைந்தது விர்ச்சுவல்பாக்ஸ். ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007 ஜனவரியில் இதன் மூலநிரலைப் பொது உரிமத்தில் வெளியிட்டது. 2008-இல் சன் நிறுவனம் இன்னோடெக்கை வாங்கியது. 2010-இல் சன் நிறுவனமே ஆரக்கிளின் கைக்குப் போனது.

தமிழ்நாட்டில்

அதே 2007-இல் சென்னை சி-டாக் மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒன்றாக நிறுவப்பட்ட கணினிகள் மாணவர்களுக்குக் கிடைத்தன.

ஆனால் அது இரட்டைத் துவக்க முறை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். மற்றொன்றுக்கு மாறக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். விண்டோஸைப் புதிதாக நிறுவினால் துவக்கப் பட்டியல் அழிந்து, வன்தட்டில் லினக்ஸ் இருந்தும் கண்ணில் படாமல் போகும். நிறுவும்போது தவறான பிரிவைத் தேர்ந்தெடுத்தால் பாடக் குறிப்புகளும் படங்களும் போய்விடும். வீட்டுக்கே ஒரு கணினி என்னும்போது, ‘எதையாவது தொட்டுக் கெடுத்துவிடாதே’ என்று பெற்றோர் சொல்வது இயல்புதானே?

2018-இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸ், உபுண்டு இரண்டையும் கற்பித்தது. விண்டோஸ் மட்டும் உள்ள கணினியில் உபுண்டுவைப் பழகுவது எப்படி? விர்ச்சுவல்பாக்ஸ் இதற்கு விடை தந்தது. கோவை காந்திபுரத்தின் கணினிப் பயிற்சி நிலையங்களுக்கு அவிநாசி, திருப்பூர், சத்தியமங்கலம் பக்கமிருந்து பேருந்தில் வரும் மாணவர், வகுப்பில் பார்த்த லினக்ஸ் கட்டளைகளை வீட்டில் உள்ள விண்டோஸ் கணினியிலேயே பழகலாம். இரண்டு மெய்நிகர் கணினிகளை இணைத்து, செலவின்றி வலையமைப்பும் கற்கலாம்.

இலவசத்தின் எல்லைகள்

மென்பொருள் இலவசமானாலும் நினைவகம் இலவசம் அன்று. 2 ஜிபி மட்டுமே உள்ள பழைய மடிக்கணினியில் பாதியை உள்ளே இயங்கும் தளத்துக்குக் கொடுத்தால் இரண்டுமே தள்ளாடும். செயலியில் மெய்நிகராக்க வசதி இல்லாத கணினிகளிலும் முன்பு விர்ச்சுவல்பாக்ஸ் ஓரளவு இயங்கியது. 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து அந்த வசதி கட்டாயமாயிற்று.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பதும் கவனிக்கத்தக்கது. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு கட்டற்ற மென்பொருள். அதனுடன் தனியாகக் கிடைக்கும் நீட்சித் தொகுப்பு சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். வணிக நிறுவனங்கள் உரிமம் வாங்க வேண்டும். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024-இல் எல்லோருக்கும் இலவசமானது. ஆனால் அதன் மூலநிரல் திறந்ததன்று. விலையை நீக்கிய நிறுவனம் நாளை அதை மீண்டும் விதிக்கலாம். பொது உரிமத்தில் ஏற்கெனவே வெளியான மூலநிரலைப் பயன்படுத்தவும், திருத்தவும், பகிரவும் உள்ள உரிமையோ தொடரும். பள்ளி ஆய்வகத்துக்கு மென்பொருள் தேர்ந்தெடுப்போர் விலையோடு உரிமத்தையும் படித்துப் பார்ப்பது நல்லது.