எதிரில் அமர ஓர் ஆள்: ‘கோ’ மேற்கே சென்ற வரலாறு

இந்தியச் சதுரங்கம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்ததும், அங்கே அமைச்சர் அரசியாக மாறியதும் நாம் அறிந்தவை. அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் பிந்தி ஆசியாவின் மற்றொரு தொல் ஆட்டம் மேற்கே சென்றது. சீனர் அதனை வெய்ச்சி என்பர். கொரியர் பாடுக் என்பர். ஜப்பானியர் கோ என்பர்.

தமிழில் கோ என்றால் அரசன். இவ்வாட்டத்திலோ அரசனும் இல்லை, அமைச்சரும் இல்லை. நெடுக்கே 19 கோடுகள், குறுக்கே 19 கோடுகள். அவை சந்திக்கும் 361 புள்ளிகள். கறுப்பு, வெள்ளைக் கற்கள். வைத்த கல் நகராது. எதிரியை வளைத்து இடம் பிடிப்பதே ஆட்டம்.

ஐரோப்பா இதனைக் கேள்விப்படாமல் இல்லை. சீனத்தில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சியின் குறிப்புகள் 1615-இல் இலத்தீனில் அச்சேறின. அவற்றில் இவ்வாட்டம் பற்றிய செய்தி உண்டு. 1694-இல் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் தாமஸ் ஹைட் கீழ்த்திசை ஆட்டங்களைப் பற்றிய தம் நூலில் இதனையும் விவரித்தார். 1710-இல் தத்துவஞானி லைப்னிட்ஸும் எழுதினார். எனினும் ஐரோப்பாவில் எவரும் ஆடத் தொடங்கவில்லை. விதிகள் சிலவே, ஆனால் எந்தக் கல் பிழைக்கும், எது மாளும், ஆட்டம் எப்போது முடிந்தது என்பவற்றை ஏட்டில் படித்துத் தெளிவது கடினம். தெரிந்தவர் ஒருவர் எதிரில் அமர்ந்து நம்மைப் பலமுறை தோற்கடிக்க வேண்டும்.

அந்த ஆள் கிடைத்தது ஜப்பானில். தொக்குகவா ஆட்சியில் நான்கு கோ குடும்பங்கள் அரசு மானியத்தில் வாழ்ந்தன. 1868-இல் அவ்வாட்சி வீழ்ந்தபின் மானியமும் நின்றது. புரவலரை இழந்த கலைஞர்கள் புதிய மாணாக்கரைத் தேட நேர்ந்த காலத்தில், அங்கே பணியாற்றிய ஜெர்மானிய வேதியியலாளர் ஓஸ்கர் கோர்ஷெல்ட், முராசே ஷுஹோ என்னும் பேராசானிடம் பயின்றார். 1880-81-இல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரைகளே மேற்கின் முதல் முறையான பாடநூல் எனலாம். அவற்றையும் துணைக்கொண்டு ஆர்தர் ஸ்மித் 1908-இல் ஆங்கில நூலை வெளியிட்டார்.

நூலுக்குப் பின்னரும் ஆள் தேவைப்பட்டார். பெர்லினில் எட்வர்ட் லாஸ்கரும், அக்காலச் சதுரங்க உலக வாகையர் இமானுவேல் லாஸ்கரும் நூல்வழி கோ கற்றுத் தேறியதாக எண்ணியிருந்தனர். ஜப்பானியக் கணித மாணவர் ஒருவர் 9 கற்களை முன்னதாகவே வைத்துக்கொள்ள இடம் கொடுத்தும் அவர்களை வென்றார் என்று எட்வர்ட் பின்னர் எழுதினார். அமெரிக்காவில் இவ்வாட்டம் வேர்கொள்ள உழைத்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

கொண்டுவந்தவர் மொழியே ஆட்டத்தின் மொழியும் ஆயிற்று. சீனத்தில் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக ஆடப்பட்ட ஒன்று, உலகின் வாயில் ஜப்பானியப் பெயரோடு நிலைத்துவிட்டது. வழிப்போக்கில் பிறப்பிடத்தின் பெயரை இழப்பது பண்பாடுகளின் பயணத்தில் புதிதன்று, ஆயினும் வருந்தத்தக்கதே.

இப்பயணத்தில் மறக்கலாகாதவர் இவமோட்டோ கவோரு. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் புறநகரில் ஹஷிமோட்டோ உத்தாரோவுடன் ஆடிக்கொண்டிருந்தபோது அணுகுண்டின் அதிர்வில் கற்கள் சிதறின. மீண்டும் அடுக்கி ஆடி முடித்தனர், இவமோட்டோ தோற்றார். பிற்காலத்தில் அவர் அளித்த கொடையால் ஆம்ஸ்டர்டாமை அடுத்த ஆம்ஸ்டல்வேனிலும், குண்டு வீசிய நாட்டின் சியாட்டில் நகரிலும் கோ மையங்கள் எழுந்தன.

2016-இல் இலண்டனில் உருவான ஆல்ஃபாகோ என்னும் கணினி நிரல், சியோலில் கொரியப் பேராட்டக்காரர் லீ செடோலை 4-1 என வென்றது. நிரலுக்குக் கையில்லை. அதன் கற்களைப் பலகையில் வைக்க, லீ செடோலின் எதிரில் ஆஜா ஹுவாங் என்னும் மனிதர் அமர்ந்திருந்தார்.