எட்டிக்கொட்டையும் செந்நாயும்: நச்சிரையின் ஒரு வரலாறு

வண்டிப்பெரியார்த் தோட்டங்களில் கறவை மாடு என்பது லயத்துக் குடும்பத்தின் சேமிப்பு. 2025 மார்ச்சில் அரணக்கல் பகுதியில் ஒரு புலி மாட்டையும் நாயையும் கொன்றது. மயக்க ஊசி செலுத்த முயன்ற வனத்துறையினர் மீது பாய்ந்தபோது சுடப்பட்டு இறந்தது. இத்தகைய தருணங்களில் மலையோர ஊர்களில், ‘இறந்த மாட்டின் உடலில் மருந்து வைத்தால் தீர்ந்தது’ என்னும் எண்ணம் தலைகாட்டுவதுண்டு. அவ்வெண்ணத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. அதைச் சன்மானம் கொடுத்து வளர்த்தவர்கள் மாட்டுக்காரர்கள் அல்லர்.

பிரித்தானிய இந்தியாவில் விலங்குகளைக் கொன்றால் அரசே பணம் தந்தது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புலிகளும், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுத்தைகளும், சுமார் இரண்டு லட்சம் ஓநாய்களும் இவ்வாறு கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டுள்ளார். செந்நாயின் கதை சற்று வேறு. அது மனிதரைத் தாக்குவது மிக அரிது. துரைமார் சுட விரும்பிய மிளாவையும் புள்ளிமானையும் அது தின்றது. அதுவே அதன் குற்றம். 1877இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கம் செந்நாயைக் கொன்றவர்களுக்குச் சன்மானம் வழங்கியது. ‘வெர்மின்’ என்ற சொல் விலங்கின் இயல்பைக் குறிக்கவில்லை, யாருடைய இரையில் அது பங்கு கேட்டது என்பதையே குறித்தது.

துப்பாக்கிக்கு எளிதில் அகப்படாத செந்நாய்க்கு வைக்கப்பட்டது ஸ்ட்ரிக்னின். நம் காடுகளில் தானே வளரும் எட்டி மரத்தின் கொட்டையில் உள்ள நஞ்சு அது. மலையாளத்தில் காஞ்சிரம் என்பார்கள். 1818இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்த்தியேவும் காவந்துவும் ஸ்ட்ரிக்னினைத் தனியே பிரித்தெடுத்தனர். பின்னாளில் எட்டிக்கொட்டை கொச்சித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. காட்டின் கொட்டை வெண்பொடியாகிக் காட்டுக்கே திரும்பிற்று என்று சொன்னால் மிகையாகாது. இந்நஞ்சு தண்டுவடத்தைத் தாக்கும். தசைகள் வில்லாக வளைந்து இறுகும். மூச்சு நிற்கும் வரை உணர்வு மங்குவதில்லை.

செந்நாய்கள் ஒரே இரையைக் கூடித் தின்பவை. குட்டிகளுக்கு இறைச்சியைக் கக்கி ஊட்டுபவை. ஆகவே நஞ்சிட்ட ஒரு பிணம் ஒரு கூட்டத்தையே வீழ்த்தும். வளையிலுள்ள குட்டிகள் ஊட்டுவாரின்றிச் சாகும். பிணத்தருகே வரும் நரி, காகம், பிணந்தின்னிக் கழுகு எதுவும் தப்பாது. நஞ்சுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. துப்பாக்கிக்காரனுக்காவது குறி என்று ஒன்று உண்டு.

பெரியார் ஏரியைச் சூழ்ந்த காடு 1934இல் நெல்லிக்காம்பட்டி சரணாலயமாயிற்று. 1950இல் பெரியார் சரணாலயமாக விரிந்தது. 1978இல் புலிகள் காப்பகமானது. செந்நாய்க்கான சன்மானமோ 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை நாட்டில் நீடித்தது. அச்சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் வரையறையிலேயே நஞ்சிடுதலும், அதற்கான முயற்சியும் அடங்கும். 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாயை ஆராய்ந்த நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங்கின் பணிக்குப் பிறகே அது கூடி வாழும் முறை அறிவுலகுக்குச் சரியாகத் தெரிய வந்தது. அறிவதற்கு முன்பே ஒரு நூற்றாண்டு கொன்றிருக்கிறோம்.

ஸ்ட்ரிக்னின் போன இடத்திற்கு இன்று பூச்சிமருந்து வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அருகே, நஞ்சிட்ட மாட்டின் உடலைத் தின்ற இரு புலிகள் இறந்தன. மாட்டின் உரிமையாளர் கைதானார். கேரளம் 2011இல் கார்போபியூரான் உள்ளிட்ட கொடிய மருந்துகளைத் தடை செய்தது. 2022இல் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தபோதும் நஞ்சு, வெடி, மின்சாரம் மூன்றையும் விலக்கியே ஆணையிட்டது.

சட்டத்தில் குறையில்லை. புலி தான் கொன்ற மாட்டிடம் அடுத்த இரவுகளில் திரும்பி வரும். நஞ்சு வைப்பவருக்கு அந்தச் சில இரவுகளே வாய்ப்பு. இழப்பீடோ ஆய்வும் சான்றும் கடந்து, பல வாரங்களோ மாதங்களோ கழித்தே கைக்கு வருகிறது. வேட்டைச் சங்கம் அன்று செந்நாயின் தோலைக் கண்டதும் பணம் தந்தது. இன்று வனத்துறை மாட்டின் உடலைக் கண்ட அன்றே லயத்து வாசலில் ஒரு பகுதியையாவது தருமா?