சோழக் காசில் நின்ற மன்னன், சேதுக் காசில் படுத்த நந்தி

மன்னார் மாவட்டத்தின் மாதோட்டம் சோழர் காலத்தில் இராஜராஜபுரம் என்றும் அழைக்கப்பட்டது. சோழநாட்டைச் சேர்ந்த தாழிகுமரன் அங்கு இராஜராஜேஸ்வரம் என்னும் கோயிலை எழுப்பியதாகக் கல்வெட்டொன்று கூறுகிறது. சோழர் இத்தீவில் விட்டுச் சென்றவற்றுள் ஒரு காசின் உருவமும் அடங்கும்.

முதலாம் இராஜராஜனின் (985–1014) செப்புக் காசொன்றில் முன்புறம் மன்னன் நிற்கிறான். பின்புறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அவன் பெயரும் உள்ளன. 1070இல் பொலன்னறுவையில் சோழராட்சி முடிந்தது. காசின் உருவம் முடியவில்லை. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) உட்படச் சிங்கள மன்னர்கள் அதே அமைப்பில், பெயரை மட்டும் மாற்றிக் காசு வெளியிட்டனர்.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் அதை மேலும் மாற்றினர். நிற்கும் மன்னனை வைத்துக்கொண்டு, பின்புறத்தில் படுத்திருக்கும் நந்தியையும் பிறையையும் பொறித்தனர். கீழே தமிழில் ‘சேது’ என்று எழுதினர். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட சேதுவின் காவலர் என்ற உரிமையை அச்சொல் அறிவித்தது.

பழைய அரசமரபின் உருவத்தை எடுத்துத் தன் ஆட்சிக்குப் பெருமை தேடுவது பாரசீகத்திலும் நடந்தது. சாசானியப் பேரரசு 651இல் வீழ்ந்தது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளின் பின் கஜார் மன்னன் ஃபத் அலி ஷா (1797–1834), சாசானியர் பாணியில் பாறைகளில் தன் உருவத்தைச் செதுக்குவித்தான். மாதோட்ட அகழ்வில் பாரசீக வளைகுடாப் பகுதி மட்பாண்டங்கள் கிடைத்திருப்பதால், அந்நாடு இத்துறைமுகத்துக்கு அந்நியமானதல்ல.

சேதுக் காசுகளை இராமநாதபுரம் சேதுபதிகளுடையவை எனக் கருதியதும் உண்டு. அவை யாழ்ப்பாண மன்னர்களுடையவை என 1920இல் சுவாமி ஞானப்பிரகாசர் எழுதினார். கேகாலை மாவட்டத்துக் கொட்டகமக் கல்வெட்டு ‘சேது’ என்ற சொல்லுடன் தொடங்கி ஆரியச்சக்கரவர்த்தியைக் குறிப்பிடுவது அதற்கு வலுச் சேர்க்கிறது.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரையும் 1619இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர், அரசு அழிந்தது. ஈழத்துச் சைவர் இன்று ஏற்றும் நந்திக்கொடியிலும் படுத்த நந்தியே உள்ளது.

போரில் வீட்டோடு ஆவணங்களையும் இழந்தவர்களுக்குச் சான்றின் அருமை தெரியும். எங்கள் மண்ணில் கிடைக்கும் பழங்காசு எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்பது பதிவானால்தான் அது வரலாறு பேசும். விவரம் தொலைந்து விற்பனைக்குப் போனால் வெறும் செம்புதான்.