'அன்று' என்போருக்கு ஐந்து காசு

பழந்தமிழக ஊராட்சி பற்றிப் பேச்செடுத்தால் உத்திரமேரூரும் குடவோலையும் உடனே முன்வந்து நிற்கும். பாடநூல்கள் செய்த பணி அது. நெல்லைக்கு வடக்கே சங்கரன்கோயில் சாலையில் இருக்கும் மானூரை அந்த அளவுக்கு எவரும் நினைப்பதில்லை. அவ்வூர்க் கல்வெட்டோ உத்திரமேரூருக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 800ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்டது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் பெரும்பகுதி வாரியங்களுக்கு ஆளைத் தேர்வது பற்றியது. மானூர்ச் சபையாரின் கவலை வேறு: கூடி அமர்ந்தபின் காரியம் நடக்க வேண்டுமே!

சபையில் யார் அமரலாம் என்பதை முதலில் வரையறுக்கிறார்கள். ஊரில் நிலப்பங்கு உடையவராக இருக்க வேண்டும். மந்திர பிராமணமும் ஒரு தருமநூலும் கற்று, நல்லொழுக்கம் உடையவராகவும் இருக்க வேண்டும். விலைக்கு வாங்கியதோ, கொடையாகவோ சீதனமாகவோ வந்ததோ, எந்தப் பங்காயினும் முழு உறுப்புரிமையே உண்டு; கால், அரை, முக்கால் என்ற கணக்கு செல்லாது. இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவையே. நம்மை நிறுத்துவது இறுதி விதி. சபையில் கொண்டுவரப்படும் எதற்கும் 'அன்று, அன்று' என்று மறுத்துக்கொண்டே இருக்கலாகாது. மறுப்பவரும் அவருக்குத் துணைநிற்பவரும் அவ்வாறு தடுத்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும்.

ஒருவரும் செய்யாத குற்றத்துக்கு எவரும் தண்டம் விதிப்பதில்லை. இந்த வரிகளுக்குப் பின்னால் நடவாமல் போன கூட்டங்கள் பல இருந்திருக்க வேண்டும். துணைநிற்பவரையும் சேர்த்திருப்பதால், தடுத்தவர் தனியாள் அல்லர், கட்சி சேர்த்துக்கொண்டு வந்தவர் என்பதும் தெரிகிறது. இக்கல்வெட்டுகளில் தலையெண்ணி முடிவுகாணும் முறை பேசப்படுவதில்லை; சபையார் அனைவரும் கூடியிருந்து செய்த முடிவென்றே அவை பேசுகின்றன. எல்லோரும் இசைந்தாக வேண்டிய அவையில், விடாது மறுக்கும் நால்வரால் ஏரிக்கரை உடைப்பைக்கூட அடுத்த மழைவரை அடைக்காமல் வைத்திருக்க முடியும். (அடுக்ககக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

விதியின் கடைசிச் சொற்கள் நுட்பமானவை. தண்டம் இறுத்தவரும் அதே விதிகளுக்குத் தொடர்ந்து கட்டுப்பட்டவரே. ஐந்து காசைத் தடுப்பதற்கான விலையாகக் கருதி, கட்டிவிட்டு மீண்டும் தடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. செல்வர் நிறைந்த அவையில் இந்த முன்யோசனை இல்லாதிருந்தால் விதி ஓராண்டுகூடத் தாங்கியிராது.

ஆனால் நியாயமான மறுப்பு எங்கே முடிகிறது, குத்துக்கால் போடுவது எங்கே தொடங்குகிறது? 'எதற்கும்' என்ற ஒரு சொல்லே இங்கு வேலி. ஒரு காரியத்தை ஒருமுறை மறுத்தவரை இது தொடாது என்றே நாம் படிக்கிறோம். ஆயினும் தண்டம் விதிப்பதும் அதே சபைதான். பெரும்பாலோர் தவறான முடிவை நோக்கிப் போகையில் தொடர்ந்து 'அன்று' என்று சொன்ன ஒருவரையும் இதே விதியால் அடக்கியிருக்க முடியும்.

உத்திரமேரூரார் கி.பி. 919இலும் 921இலும், முதலாம் பராந்தகன் காலத்தில், வேறொரு நோயை எதிர்கொண்டார்கள்: ஐயம். அவர்கள் கண்ட மருந்து, எதையும் எல்லார் கண்ணிலும் படச் செய்வது. பாலரும் முதியவருமாகக் கூடிய பேரவையில், நம்பிமாரில் மூத்தவர் எழுந்து குடத்தை அனைவரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளிருப்பதை அறியாத ஒரு சிறுவன், பகலில், ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்ததை நம்பிமாரும் வாசிக்க வேண்டும். கணக்குக் காட்டாதிருந்தவருக்கும் அவர் உறவினருக்கும் குடத்தில் ஓலையே கிடையாது. 919இல் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்த வயது வரம்பு, 921இல் 35க்கு மேல் 70க்குள் என மாற்றப்பட்டது. எழுதியதை இரண்டே ஆண்டில் திருத்தத் தயங்காத அவை அது.

இவ்விரண்டும் பிரமதேய ஊர்கள். பேசியவர்கள் நிலமுடைய அந்தணர்கள். அதே நிலத்தை உழுதவர்களுக்குச் சபையில் இடமில்லை. 'அன்று' என்று சொல்லி ஐந்து காசு இழக்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவில்லை.