மின்மினியின் சாட்சி

பூசிய அன்று ஒன்றும் செய்யாது. பத்தாவது தடவை பூசும்போது முகம் தடித்து வீங்கிவிடும். சருமத்தின் பகை அப்படிப்பட்டது. முதலில் ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும், பிறகு பழி தீர்க்கும். ஒரு புதிய வாசனைத் திரவியமோ தலைச்சாயமோ இந்தப் பகையை மூட்டுமா என்று முன்கூட்டி அறிவது எப்படி?

1895-இல் யோசெஃப் யாடாசோன் என்ற ஜெர்மன் வைத்தியர், சந்தேகத்துக்குரிய பொருளை நோயாளியின் தோலில் ஒட்டிவைத்துப் பார்த்தார். அது பகை மூண்ட பிறகு குற்றவாளியைப் பிடிக்கும் வழி. முன்கூட்டி அறிய யாராவது தோல் கொடுத்தாக வேண்டும். கினிப்பன்றி கொடுத்தது, அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

ரத்த வகைகளைக் கண்டறிந்து 1930-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் லாண்ட்ஸ்டைனர், ஜான் ஜேக்கப்ஸுடன் சேர்ந்து 1935, 36-இல் நியூயார்க்கில் கினிப்பன்றிகளைச் சோதித்தார். மற்றப் பொருள்களோடு சுலபமாகப் பிணையும் ரசாயனமே பகை மூட்டுகிறது என்பது தெரியவந்தது. அப்படியானால் ரசாயனத்தையும் புரதத்தையும் ஒரு குழாயிலேயே கலந்து பார்த்துவிடலாமே! பார்க்கலாம்தான். ஆனால் கினிப்பன்றி மலிவாகக் கிடைத்தது. 1969-இல் மாக்னுஸனும் கிளிக்மேனும் அதன்மேல் இன்னும் கடுமையான சோதனையை வகுத்தார்கள். 2002-இல் சுண்டெலியின் காதில் பூசி நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பார்க்கும் முறை சர்வதேச அங்கீகாரம் பெற்றது. எலிக்கு முடிவு மரணம்தான்.

2004-இல்தான் ஃப்ராங்க் ஜெர்பெரிக் குழுவினர் குழாய்ச் சோதனையை வெளியிட்டார்கள். சிறு புரதத் துண்டுகளோடு ரசாயனத்தைக் கலந்து, ஒரு நாள் கழித்துத் துண்டுகளில் எவ்வளவு மிஞ்சியது என்று அளப்பார்கள். அடுத்த சோதனையில், மின்மினிப் பூச்சியின் மரபணுவைச் சேர்த்த மனிதத் தோல் செல்கள், அபாயம் கண்டால் ஒளிவிடும். மூன்றாவதில் சாட்சி, ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு வயதுக் குழந்தையிடமிருந்து எடுத்து இன்றும் வளர்த்துவரும் செல்கள்.

இவற்றுள் முதல் இரண்டும் 2015-இலும், மூன்றாவது 2016-இலும் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றன. மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால் அதுவே தீர்ப்பு என்று 2021-இல் விதி வந்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதான்.

ஐரோப்பா, பிராணிகள்மேல் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை முற்றும் தடுத்தது 2013 மார்ச்சில். இந்தியா 2014-இல் அத்தகைய சோதனையைத் தடை செய்தது. தேதிகளைக் கவனியுங்கள். மாற்று வழிக்கு முத்திரை கிடைக்கும்வரை சட்டம் காத்திருக்கவில்லை. வழி இருந்தால் இரக்கம் காட்டலாம் என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். இங்கே இரக்கம் முந்திக்கொண்டது, வழி பின்னால் ஓடிவந்தது.

பெருமைப்பட்டு முடித்துவிடவும் முடியாது. அந்தச் செல்களை வளர்க்கும் திரவத்தில் பிறவாத கன்றின் ரத்தநீர் சேர்வது வழக்கம். கடன் குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை.