ஆன்டெனாக் கற்றையும் நகர ரேடியோ அலைப் பரவலும்: கணினி உருவகத்தின் வரலாறு

டவரிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை கட்டடங்களில் மோதியும் வளைந்தும் கைப்பேசியை எவ்வளவு வலுவுடன் எட்டும் என்பதைக் கணினியில் முன்கூட்டிக் கணிக்கும் முறையே அலைப் பரவல் உருவகம். அந்த அலையை வேண்டிய திசையில் குவிப்பது ஆன்டெனாக் கற்றை. பல சிறு ஆன்டெனாக்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் போகும் அலையைச் சற்றே முன்பின் தள்ளினால், அவை ஒரு திசையில் மட்டும் கூடி வலுப்பெறும். ஆன்டெனா அசையாமலே கற்றை திரும்பும்.

கல்கத்தா டவுன்ஹாலில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்தி மணி ஒலிக்கச் செய்தார். அந்த ஆண்டு 1894 என்பாரும் 1895 என்பாரும் உண்டு. 1905-இல் கார்ல் பிரவுன் மூன்று ஆன்டெனாக்களைக் கொண்டு அலையைத் திசைதிருப்பிக் காட்டினார்.

டோக்கியோவில் எடுத்த அளவீடுகளை ஒகுமுரா குழுவினர் 1968-இல் வரைபடங்களாக்கினர். 1980-இல் ஹட்டா அவற்றைச் சூத்திரமாகச் சுருக்கினார். 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரை, 30 மீட்டருக்குக் குறையாத டவர் உயரத்துக்கு அது பொருந்தும். ஊர்களைப் பெருநகரம், சிறு நடுத்தர நகரம், புறநகர், திறந்தவெளி என்று மட்டுமே அது பிரித்தறியும், தெருக்களை அறியாது.

தெருவையும் சுவரையும் கணக்கில் எடுக்கும் கதிர்த்தட முறை 1990-களில் பரவியது. சங்கரன்கோவில் போன்ற ஊரில் இதன் அருமை தெரியும். அங்கே தாழ்ந்த மாடிகளுக்கு மேலே சங்கரநாராயணர் கோயிலின் ஒன்பது நிலை ராஜகோபுரம் ஓங்கி நிற்கிறது. 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர்தான். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் மேடுபள்ளங்கள் அதைவிடப் பெரியவை. அவை, கண்ணாடி முகப்புள்ள அலுவலகக் கட்டடத்தைப் போல அலையை ஒரே பக்கம் திருப்பாமல், பல பக்கமும் சிதறடிக்கும். வழுவழுப்பான சுவர் என்று கோபுரத்தைக் கணினிக்குள் வரைந்தால் கணக்கு பிசகும்.

இந்த உருவகத்தில் இந்தியப் பங்களிப்பு 5ஜி காலத்தில்தான் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-இல் வெளியிட்ட எம்.2412 அறிக்கை, புதிய தொழில்நுட்பங்களை எந்தக் கற்பனை ஊரில் சோதிப்பது என்பதை வகுத்தது. அடர்நகரச் சோதனையில் டவர்களுக்கிடையே 200 மீட்டர். கிராமச் சோதனையில் 1,732 மீட்டர். நம் கிராமங்களுக்கு இது ஒத்துவராது என்று வாதிட்டது இந்தியத் தர அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ. ஊராட்சி மையத்தில் ஒரே டவர், சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் அதுவே என்பதுதான் இங்குள்ள நிலை. அதன்படி கிராமச் சோதனையில் 6 கிலோமீட்டர் இடைவெளி கொண்ட மற்றோர் அமைப்பும் சேர்ந்தது. அதில் தேறுவது கட்டாயமாயிற்று. அந்த ஒற்றை எண்ணுக்குள் நம் நாட்டுப்புறத்தின் அமைப்பே அடங்கியிருக்கிறது.

இதையொட்டி உருவான 5ஜிஐ என்ற இந்தியத் தரத்தில் ஹைதராபாத் ஐஐடி, சென்னை ஐஐடி ஆகியவற்றின் உழைப்பு உண்டு. 2021-இல் அது சர்வதேச ஒன்றியத்தின் எம்.2150 பரிந்துரையில் இடம்பெற்றது. தனித் தரம் தேவையா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கருவிகளின் விலை கூடும் என்று சேவை நிறுவனங்கள் தயங்கின. பின்னர் அதன் முக்கியக் கூறுகள் உலகப் பொதுத் தரத்துடன் இணைக்கப்பட்டன.

சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் 220 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அமைத்த 5ஜி சோதனைக் களம், 2022 மே 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. 5ஜி சேவை அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. 2023-இல் 6ஜிக்கான பொதுச் சட்டகத்தை எம்.2160 என்ற பெயரில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டது.